பெயரில்லாத செடிகளும் செடியில்லாத பெயர்களும்

1

நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் விடுதியில் என்னோடு தங்கியிருந்தவன் ஒரு பாட்டனி மாணவன். செய்முறைத் தேர்வுக்கு முப்பது செடிகளைப் பறித்து, காயவைத்து, அட்டையில் ஒட்டி, பெயரெழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. செய்தித்தாள்களுக்கு இடையில் செடிகளை விரித்து, மேலே என்னுடைய டிரங்குப் பெட்டியை ஏற்றி வைத்திருப்பான். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். அவன் மாற்றவில்லை. பாதிச் செடிகள் கறுத்துப் போயின. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சீனியர் ஒருவரிடம் பழைய கட்டு ஒன்றை வாங்கி வந்து, லேபிள்களைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டுப் புதியவற்றை ஒட்டினான். பறித்தவர் பெயர், தேதி, இடம் மூன்றும் மாறின. செடி மட்டும் அப்படியே இருந்தது. ஏற்காட்டில் பறித்த செடி ஓசூரில் முளைத்துவிட்டது. ‘இதெல்லாம் யாருடா பாக்கப் போறாங்க’ என்றான். உண்மைதான், யாரும் பார்க்கவில்லை. மதிப்பெண்ணும் கிடைத்துவிட்டது.

அப்போது நான் மூலபாடத் திறனாய்வு என்ற தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஏட்டுச் சுவடியின் கடைசியில் எழுதினவர் பெயரும் ஆண்டும் ஊரும் இருக்கும். அதை மாற்றிவிட்டால் சுவடியின் சரித்திரமே மாறிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நண்பன் செய்ததும் அதுதானே என்று தோன்றியது. அந்த நினைப்பு அப்படியே கிடந்து, ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்த பிறகு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. காய்ந்த செடியை ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா, வாசித்தால் இந்த எல்லைப் பகுதியின் சரித்திரத்தைப் பற்றி அது என்ன சொல்லும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

ஹெர்பேரியம் என்பதை உலர் தாவரகம் என்று மொழிபெயர்க்கிறார்கள். நான் ஹெர்பேரியம் என்றே எழுதுகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். செடியைப் பூவோடும் முடிந்தால் காயோடும் பறித்து, அழுத்தி, உலர்த்தி, பூச்சி அரிக்காமலிருக்க மெர்க்குரிக் குளோரைடு போன்ற நஞ்சில் தோய்த்து, கெட்டித் தாளில் ஒட்டித் தைக்கிறார்கள். நம் நாட்டில் அந்தத் தாள் ஏறத்தாழ 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். கீழே வலது மூலையில் லேபிள். அதில் பெயர், குடும்பம், பறித்த இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பறித்தவர் பெயர், அவருடைய களக் குறிப்பேட்டின் எண். பூவின் நிறத்தையும் எழுத வேண்டும். காய்ந்தால் நிறம் போய்விடும். லேபிள் இல்லாத செடி வெறும் சருகு.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஆச்சரியமான ஒரு விஷயம் உண்டு. பிற்காலத்தில் வேறொரு தாவரவியலாளர் அந்த ஏட்டைப் பார்த்து, முன்னவர் எழுதிய பெயர் தவறு என்று கருதினால், பழைய பெயரை அடிக்கக்கூடாது. சிறு துண்டுச் சீட்டில் தன் முடிவை எழுதி, கையெழுத்திட்டு, தேதியிட்டுப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னொரு சீட்டு ஒட்டுவார். மூலமும் அதன்மேல் அடுக்கடுக்காக உரைகளும் என்ற நம் மரபை இது நினைவுபடுத்துகிறது. மறுக்கப்பட்ட உரையும் அழியாமல் நிற்கிறது.

இடப்பெயரிலும் இதே கதைதான். ஓசூரில் 1920-களில் பறித்த செடியின் ஏட்டில் சேலம் ஜில்லா, சென்னை மாகாணம் என்று இருக்கும். 1970-களில் பறித்ததில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கும். அந்த மாவட்டம் 1965-ல்தான் உண்டானது. இன்றைய ஏட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம். அது 2004-ல் பிறந்தது. சில மைல் தள்ளிப் பறித்திருந்தால் மைசூர் சமஸ்தானம், பிறகு மைசூர் மாநிலம், 1973-க்குப் பிறகு கர்நாடகம். செடி ஒரே காட்டில்தான் நின்றுகொண்டிருந்தது. தேன்கனிக்கோட்டைக் காடும் பன்னேர்கட்டாக் காடும் யானைக்கு ஒரே காடு. எல்லை லேபிளில்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. 1956 மொழிவாரிப் பிரிவினையைப் பற்றி நாம் கட்டிவைத்திருக்கும் பெருங்கதையாடல்களைவிட இந்தக் காகிதத் துண்டுகள் அடக்கமானவை, ஆனால் நேர்மையானவை.

3

இந்தப் பகுதிக்கு இரண்டு காகிதக் கிடங்குகள் உண்டு. ஒன்று நிலத்தைப் பற்றியது, மற்றொன்று செடியைப் பற்றியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கும்பினி அதிகாரத்தின் கீழ்த் தொடங்கின.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியிடம் கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றுவட்டாரத்தை அளந்தார்கள். வயல் வயலாக அளந்து விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருக்கொண்டது. பிறகுதான் மன்றோவின் பெயரோடு மாகாணம் முழுக்கப் பரவியது. 1799-ல் திப்பு விழுந்தபின் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமும் சேர்ந்தது. இன்று நாம் கிராம நிர்வாக அலுவலகத்தில் புழங்கும் தரிசு, புறம்போக்கு, மேய்க்கால் என்ற வகைப்பாடுகளுக்குப் பின்னால் இந்த அளவையின் தர்க்கம் இருக்கிறது. வரி தருகிற நிலம், தராத நிலம் என்பதே அந்தத் தர்க்கம். தராத நிலத்தில் என்ன முளைத்திருந்தாலும் அது தரிசு.

மறுபக்கம், திப்பு விழுந்த கையோடு காலின் மெக்கன்சியின் மைசூர் சர்வே கிளம்பியது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் சேர்ந்தவர் பெஞ்சமின் ஹைன், தரங்கம்பாடி மிஷனிலிருந்து வந்த ஜெர்மானியர். பெங்களூர் லால்பாக் கும்பினி வசம் வந்தபோது அதைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. 1800-ல் வெல்லஸ்லியின் உத்தரவோடு சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், மைசூர், கன்னடம், மலபார் என்று சுற்றி, 1807-ல் மூன்று தொகுதிகளாகத் தன் பயண நூலை வெளியிட்டார். என்ன பயிர், என்ன கூலி, என்ன மரம் என்று கேட்டுக்கேட்டு எழுதியவர். இவர்கள் எல்லாரும் மருத்துவர்கள், தாவரவியலாளர்கள், கும்பினிச் சம்பளக்காரர்கள். செடியைப் பறித்த கையும் நாட்டைக் கணக்கெடுத்த கையும் ஒன்றுதான்.

ஃபூக்கோவையும் எட்வர்ட் செய்த்தையும் புதிதாகப் படித்திருந்த காலத்தில் இதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தால் இந்த இடத்தில் முடித்திருப்பேன். வகைப்படுத்துவது என்பது அதிகாரம். ஹெர்பேரியம் காலனியச் சொல்லாடலின் கிடங்கு. வேரோடு பிடுங்கி, நஞ்சூட்டி, லத்தீனில் பெயரிட்டு, கப்பலேற்றிவிட்டார்கள். இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இன்றும் கியூ தோட்டத்தின் ஹெர்பேரியத்தில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட ஏடுகள் இருக்கின்றன. நம் பக்கத்துச் செடிகளுக்கு முதன்முதலில் பெயர் சூட்டியபோது ஆதாரமாக வைத்த மூல ஏடுகளில் பெரும்பங்கு ஐரோப்பாவில்தான் இருக்கிறது.

பறித்துக் கொடுத்த கைகளும் காணாமல் போய்விட்டன. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவருக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் பெயர் நமக்குத் தெரியும். ஓர் ஆர்க்கிடுக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். ஆனால் காட்டுக்குள் போய்ச் செடியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பன்மைச் சொல்லாக மட்டும் நிற்கிறார்கள்: ‘என் ஆட்கள்’. இந்த மலைப்பக்கத்தில் அப்படிப்பட்ட வழிகாட்டியாக ஓர் இருளர் போயிருந்தால், லேபிளில் அவருக்கு இடமே கிடையாது. பறித்தவர் என்ற கட்டத்தில் துரையின் பெயர்தான் வரும். என் அறை நண்பன் செய்த மோசடிக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு என்று சொல்லலாம்.

4

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூர்ப் பக்கம் ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்டால் மூன்று பதில் வரும். அஞ்செட்டி போகும் வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஒரு மரத்தைக் காட்டிக் கேட்டேன். ‘ஆச்சா மரம் சார். கன்னடக்காரங்க கமரான்னுவாங்க. எங்க வூட்ல நாரேபி. பட்டைய உரிச்சா கயிறு திரிக்கலாம், தழை ஆட்டுக்கு ஆவும்’ என்றார். அவர் வீட்டு மொழி தெலுங்கு. ஒரே மூச்சில் மூன்று மொழிப் பெயரும் இரண்டு பயனும் வந்துவிட்டன. இந்த மரத்துக்கு ராக்ஸ்பரோ சூட்டிய பேரினப் பெயர் ஹார்ட்விக்கியா. ஹார்ட்விக் என்பவர் வங்காளப் பீரங்கிப் படையில் இருந்த அதிகாரி. நாரும் தழையும் அந்தப் பெயரில் இல்லை.

இன்னொரு மரம், தெலுங்கில் ஜாலாரி. பேரினத்தின் பெயர் ஷோரியா. கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஷோரின் நினைவாக வைத்தது. ஆனால் சிற்றினப் பெயராகத் தலூரா என்ற நம் பக்கத்து வழக்குச் சொல்லையே ராக்ஸ்பரோ எழுதி வைத்திருந்தார். அவர் இறந்தபின் அது 1832-ல் அச்சில் வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஜார்ஜ் டான் என்பவர் அதே மரத்தை ராக்ஸ்பரோவின் பெயரால் குறித்துவிட்டார். முதலில் அச்சானதே செல்லும் என்பது விதி. ஆகவே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் இருந்த தலூரா பிறகு தள்ளப்பட்டு, ஒரு கவர்னர் ஜெனரலும் ஒரு கும்பினி டாக்டரும் சேர்ந்த பெயர் நின்றது. இதில் யாருடைய சதியும் இல்லை. நடுநிலையான ஒரு விதி, ஓர் ஆண்டு வித்தியாசம், அவ்வளவுதான். அதிகாரம் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் வேலை செய்கிறது.

இதைச் சொல்லிவிட்டு நாம் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வருகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அவற்றில் பலவற்றுக்கு எது அந்தப் பூ என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. உரைகாரர்கள் பல இடங்களில் ஒருவகைப் பூ, ஒருவகை மரம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கலாம்; தெரிந்ததை எழுதி வைக்க அவசியம் தோன்றியிருக்காது. 1967-ல் பி. எல். சாமி சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம் எழுதித் தாவரவியல் பெயர்களோடு பொருத்திப் பார்த்தபோதுதான், தமிழ்த் துறைக்கும் தாவரவியல் துறைக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தது. நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன, செடி இல்லை. ஹெர்பேரியத்தில் செடிகள் இருக்கின்றன, நம் பெயர் இல்லை.

இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்த காலமும் உண்டு. ராட்லர் என்ற பெயர் தமிழ் மாணவர்களுக்கு அகராதியால் தெரியும். 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார். அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது; 1836-ல் அவர் இறந்துவிட்டதால் மற்றவர்கள் முடித்து வைத்தார்கள். அதே ராட்லர் வாழ்நாள் முழுக்கச் செடி சேர்த்தவர் என்பதை எனக்கு எந்தத் தமிழாசிரியரும் சொல்லவில்லை. தாவரவியல் மாணவனுக்கு அவர் அகராதிக்காரர் என்பது தெரியாது. சொற்கள் சென்னையில் அச்சேறின; செடிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே மனிதரின் இரண்டு தொகுப்புகளும் இரண்டு கண்டங்களில், இரண்டு துறைகளில் கிடக்கின்றன. அவர் பெயரால் வைத்த ராட்லரா என்ற பேரினமும் பிறகு மல்லோட்டஸ் என்பதற்குள் கரைந்துவிட்டது. கபிலப்பொடி எடுக்கும் மரம் அதைச் சேர்ந்தது.

5

நான் முன்னே சொன்ன வாசிப்பை முடிவானதாக எடுத்துக்கொள்ள முடியாமல் என்னைத் தடுத்தது பார்த்தீனியம். ஓசூரில் காலி மனை, ரயில்பாதை ஓரம், தொழிற்பேட்டையின் மதில் என்று எங்கும் நிற்கும் செடி. தொட்டால் அரிக்கும், சிலருக்கு மூச்சு இரைக்கும். எல்லை தாண்டினால் காங்கிரஸ் களை என்பார்கள். இது அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமையோடு வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. நானும் மேடையில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஏகாதிபத்தியம் பசிக்குக் கோதுமையும் மண்ணுக்கு நஞ்சும் அனுப்பியது என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். 1955-ல் புனேயில் இந்தச் செடியைக் கண்டதாக வந்த செய்தியும் கதைக்குப் பொருந்தியது.

ஆனால் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் ஹெர்பேரியத்தில், டீட்ரிச் பிராண்டிஸ் 1880-ல் சேகரித்த பார்த்தீனிய ஏடு ஒன்று இருப்பதை 1978-ல் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1814-ல் வெளியான கல்கத்தாத் தோட்டத்துச் செடிப் பட்டியலில் ராக்ஸ்பரோ இதன் பெயரைக் குறித்திருக்கிறார். பி.எல். 480 வந்தது 1950-களில்.

இதனால் கோதுமைக் கதை முழுப்பொய் ஆகிவிடாது. ஏடு சொல்வது ‘இருந்தது’ என்பதை மட்டும்தான். எப்படிப் பரவியது, எந்த விதை காடாக மண்டியது என்பதை அது சொல்லாது. புது விதைகள் பின்னாலும் வந்திருக்கலாம். ஆனால் ‘அதற்கு முன் இந்த மண்ணில் இல்லை’ என்ற வாக்கியத்தை இனி நான் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த ஒரு கதையாடலை, காலனியம் சேர்த்து வைத்த ஒரு சருகு வந்து திருத்தியது. கிடங்கைக் கட்டியவர்களின் நோக்கம் வேறு, அது தருகிற சாட்சியம் வேறு என்பதை நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். 2013-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு உருளைக்கிழங்கு இலை ஏடுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான பூஞ்சை போன்ற நோய்க்கிருமியின் வகையைக் கண்டுபிடித்தார்கள். அந்த இலையை ஒட்டியவருக்கு டி.என்.ஏ. என்ற சொல்லே தெரியாது.

6

1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். தருமபுரி பின்தங்கிய மாவட்டம் என்பதால் சலுகைகள் உண்டு. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஆலைகள் எழுந்தன. இன்று கைபேசி உதிரிபாகமும் மின்சார ஸ்கூட்டரும் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அதை நான் பழிக்கவில்லை. நிலம் எடுக்கும்போது எந்தக் கிடங்கைத் திறக்கிறார்கள் என்பதே என் கேள்வி. ரீடும் மன்றோவும் தொடங்கி வைத்த கிடங்கைத்தான். அதில் தரிசு என்றிருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருளாகிவிடுகிறது. மற்றக் கிடங்கில், அதே ஊர்ப் பெயரோடு ஓர் ஏடு இருக்கக்கூடும்: இன்ன தேதியில், பாறை இடுக்கில், வெள்ளைப் பூவோடு இது இங்கே நின்றது என்று. அதை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கிடங்கு தூரத்திலும் இல்லை. மதராஸ் ஹெர்பேரியம் கோயம்புத்தூரில் இருக்கிறது. 1955 முதல் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டலத்தின் வசம், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏடுகளோடு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ரபினாட் ஹெர்பேரியத்தை வைத்துக்கொண்டு, பாதிரியார் கே. எம். மாத்யூ 1981 முதல் தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவர நூலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். கியூவுக்குக் கப்பலேற்றாமல், இங்கேயே பறித்து இங்கேயே வைத்து எழுதிய நூல். நம் காலத்தில் நம் பக்கத்தில் நடந்த பெரிய அறிவுக் காரியங்களில் ஒன்று அது. நம் சிறுபத்திரிகைகளின் கண்ணில் அது பட்டதாக எனக்கு நினைவில்லை.

1994-லும் பிறகு 2006-லும் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைகளின்படி பெரிய திட்டங்களுக்கு அறிக்கை தயாரிக்கிறார்கள். அதில் தாவரங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நான் பார்த்த பட்டியல்களில் எல்லாம் வேம்பு, புங்கன், எருக்கு, உண்ணிச்செடி; எந்த ஊர் அறிக்கையிலும் ஏறக்குறைய அதே வரிசை. யார் பார்த்தார், எந்த மாதத்தில் பார்த்தார், பறித்த சான்று ஏடு எங்கே இருக்கிறது என்பது இல்லை. கோடையில் வந்து பார்த்தவருக்கு மழைக்குப் பின் பத்து நாள் மட்டும் தலைகாட்டும் கிழங்குச் செடி எப்படித் தெரியும்? மறுபடியும் செடியில்லாத பெயர்கள்தான். குறிஞ்சிப்பாட்டுக்காவது பாட்டு இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது சிறிய விஷயம். எந்த நிலத்தையும் தரிசு என்று எழுதிக் கைமாற்றுவதற்கு முன், ஓராண்டின் பருவங்கள் முழுக்க அங்கே முளைப்பதைப் பறித்து ஏடாக்கி, பொது ஹெர்பேரியம் ஒன்றில் வைக்க வேண்டும். ஏட்டின் எண்ணை அறிக்கையில் எழுத வேண்டும். எண் இல்லாத பெயரைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. லேபிளில் இரண்டு வரி கூடுதலாகப் போட வேண்டும்: தமிழ், தெலுங்கு, கன்னடம், இருளர் பேச்சு என்று அங்கே வழங்கும் பெயர்கள் ஒரு வரி, அவர் சம்மதித்தால், அதைச் சொன்னவர் பெயர் இன்னொரு வரி. இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முப்பது முப்பது செடி பறித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அவை குப்பைக்குப் போகின்றன, அல்லது லேபிள் மாற்றி ஜூனியருக்குப் போகின்றன.

2024-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகம், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று அறிவித்தது. பணக்கார நாட்டுக்கே சருகுகள் சுமையாகிவிட்டன. நம் பக்கம் யாரும் மூடுவதாக அறிவிக்க வேண்டியதுகூட இல்லை. ஆள் போடாமல் விட்டால் போதும், மற்றதைப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

என் அறை நண்பன் இப்போது ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர். இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்தான். ‘அந்தக் கட்டு இன்னும் எங்க வூட்டுப் பரண்ல இருக்குடா. ஒரிஜினல் லேபிள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு மட்டும் ஞாபகமில்ல’ என்றான். அப்படியானால் அந்த முப்பது செடிகளும் இனி எந்த ஊருக்கும் சாட்சி சொல்லாது. இந்த வருஷம் அவனுடைய மாணவர்களுக்கு மூன்று மொழிப் பெயரும் எழுதும் லேபிள் அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். மழைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு நானும் போகிறேன்; பெயர் கேட்டு எழுதுவது என் வேலை.